வெளுத்து வாங்கியவள்

எங்கள் வீட்டில் ஒருவர் ஒரு காரியத்தைப் பிரமாதமாகச் செய்துவிட்டால், ஊரார் சொல்வதுபோல "வெளுத்து வாங்கிட்டே" என்று நாங்கள் சொல்வதில்லை. நாங்கள் சலவைக்கடைக்காரர்கள். வெளுப்பது எங்களுக்குப் பாராட்டு இல்லை, பிழைப்பு. ஆனால் என் அண்ணியைப் பற்றிப் பேச வந்தால் அதைத் தவிர வேறு சொல் எனக்கு அகப்படவில்லை. ஏன் என்பதற்கு முழுக் கதையையும் சொல்ல வேண்டும். சொல்கிறேன். நடுவில் கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

கடை அண்ணனுடையது. துவைப்பது அவன், தேய்ப்பது நான். ஓட்டல், ஆஸ்பத்திரி, விடுதி என்று வேனை ஓட்டிக்கொண்டு போய் அழுக்கை வாங்கிவந்து வெளுப்பைக் கொடுத்து வருவது என் வீட்டுக்காரர். அண்ணி மடிப்பாள். மடித்த நேரம் போக ஓவியம் வரைவாள். ஓவியம் என்றதும் மயில், மலை, குடம் தூக்கிய பெண் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அண்ணியின் படத்தில் எதுவும் எதைப் போலவும் இருக்காது. தலைகீழாக மாட்டினாலும் யாருக்கும் தெரியாது என்பார் என் வீட்டுக்காரர். ஒருமுறை வேண்டுமென்றே அப்படி மாட்டிவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தார். உள்ளே வந்த அண்ணி வாசலிலேயே நின்று, "ஆள் தலைகுப்புற விழுந்து கிடக்கு, தூக்கி விடுங்க" என்றாள். அவர் அவசரமாகத் திருப்பி மாட்டினார்.

அவள் ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவள். அவள் வரைந்த முகம் பேசும் என்று அங்கே பேர் வாங்கியவள். பிறகு முகம் வரைவதையே விட்டுவிட்டாள். காரணம் கேட்டேன்.

"கைக்கு அழகா வரையப் பழகிப்போச்சு. அழகா வரணும்னு நினைச்சாலே அதுல பொய் சேந்துடுது. கையை நான் நம்பறதில்ல."

கையை நம்பாமல் ஓவியர் வேறு எதை நம்புவது? முழங்கையை, முதுகை, குதிகாலை. உடம்பில் எது அசைகிறதோ அதுவே தன்னை வரைந்துகொள்ள வேண்டும், யோசிக்காமல், அழகு பார்க்காமல். ஓர் ஆள் எப்படி இருக்கிறான் என்பதில் அவளுக்கு அக்கறை இல்லை. எப்படி அசைகிறான் என்பதுதான். தெருக்கோடியில் யார் திரும்பினாலும் முகம் தெரியும் முன்பே, "மருந்துக்கடைக்காரர் வர்றார், முட்டி வலி கூடியிருக்கு" என்பாள். கடை வாசலில் வந்து நின்றதும் மருந்துக்கடைக்காரர் முதலில் முட்டியைத்தான் தடவுவார்.

இந்தச் சோதனைகளுக்கு முதல் பலி நான். அவள் கல்யாணமாகி வந்த புதிது. நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துச் சுவரில் ஒரு பழைய விரிப்பை ஆணியடித்து மாட்டினாள். சாயத்தில் தோய்த்த ஒரு பஞ்சை என் முழங்கையில் கட்டினாள். "நீ பாட்டுக்குத் தேய்ச்சுக்கிட்டே இரு" என்றாள். புது அண்ணியாயிற்றே என்று பொறுத்துக்கொண்டேன். சாயங்காலம் விரிப்பைக் கழற்றிக் காட்டினாள். ஒரு பக்கம் வெட்டு வெட்டாகக் கோடுகள், இன்னொரு பக்கம் நீள நீளமான வளைவுகள்.

"இது நீ" என்றாள்.

"நானா? இதுல கண்ணு எங்க, மூக்கு எங்க?"

"இந்தப் பக்கம் நீ கோபத்தோட தேய்ச்ச சட்டைங்க. இந்தப் பக்கம் கோபம் ஆறினப்புறம் தேய்ச்சது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலை நானும் என் வீட்டுக்காரரும் போட்ட சண்டை வீட்டுக் கதவுக்கு வெளியே போயிருக்கவில்லை. மதியம் அவர் வந்து சமாதானம் பேசியதும் யாருக்கும் தெரியாது. என் முழங்கை எல்லாவற்றையும் சுவரில் எழுதி வைத்திருந்தது. அன்றிலிருந்து அண்ணி பஞ்சோடு வந்தால் கையை நீட்டிவிடுவேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதன்பிறகு அவள் செய்யாதது இல்லை. ஓடுகிற பஸ்ஸில் மடியில் பலகையை வைத்துப் பேனாவைத் தளர்வாகப் பிடித்துக்கொள்வாள். பஸ் குலுங்குகிற குலுக்கலில் இடுப்பு வரைந்து தரும். சாயத்தில் புரண்டு எழுந்து விரிப்பில் உருளுவாள். மற்ற வீடுகளில் புரளி கிளம்பும், நம் வீட்டில் புரளி உருளுது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். ஒருநாள் அண்ணனின் படுக்கையில், விரிப்புக்குக் கீழே நீலச் சாயத் துணி ஒன்றைப் பரப்பி வைத்துவிட்டாள். தூங்குகிறவன் எப்படிப் புரள்கிறான் என்று பார்க்க வேண்டுமாம். அண்ணன் எழுந்ததும் கண்ணாடி பார்க்கிற ஜாதி இல்லை. அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி மேலாளரைப் பார்க்கப் போனான். நீலம் பாரித்த கழுத்தையும் காதையும் பார்த்த மேலாளர் துணிக் கணக்கை ஒதுக்கிவிட்டு அவனைக் கட்டிலில் படுக்க வைத்து நாடி பார்த்தாராம். திரும்பி வந்த அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. குளித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அண்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவன் பேசுவது எங்கள் பெரிய மெஷின் பேசுவதைவிடக் குறைவு. மெஷினாவது வேலை முடிந்தால் மணியடிக்கும். நல்லவன். கறை என்று ஒன்றைக் கண்டால் சாப்பாட்டை மறந்துவிடுவான். ஆனால் பெண்டாட்டி வருஷக்கணக்காக உருண்டு புரண்டு செய்கிற காரியத்தைப் பார்த்து, நல்லாயிருக்கு என்றோ நாசமாய்ப் போச்சு என்றோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு ஆத்திரமாக வரும். "பாறாங்கல்லைக் கட்டிக்கிட்டீங்க அண்ணி" என்பேன். "பாறை அசையாதுன்னு யார் சொன்னா?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் இருக்காது.

அவள் வேலை செய்தது கடையின் பின்பக்கத்து உலர்த்தும் கூடத்தில். முன்பெல்லாம் அங்கே கயிறு கட்டித் துணி காயப் போடுவோம். சின்ன டிரையர் வந்தபிறகு பாதிக் கூடம் காலியாகிவிட்டது. வழவழவென்று சிமெண்டுத் தரை, நல்ல நீளம். அவள் படங்களைப் பிரித்துப்போட அந்த ஒரு தரைதான் இருந்தது. ஆனால் கடையில் வேலை பெருகிக்கொண்டே போனது. பெரிய டிரையர் ஒன்று வாங்கினால்தான் சமாளிக்க முடியும் என்ற நிலை. அதை வைக்கவும் அந்தக் கூடத்தை விட்டால் இடம் இல்லை.

இதைக் கிளப்பியது அண்ணன் இல்லை, அண்ணியே. எங்கள் ஊர் ஓவியக் கூடத்தில் ஒரு நீளச் சுவர் உண்டு. வருஷத்துக்கு ஒரு உள்ளூர் ஓவியருக்கு அதை விடுவார்கள். அண்ணி பலமுறை கேட்டுப் பார்த்திருந்தாள். ஒருமுறை குழந்தை கிறுக்கியது போல் இருக்கிறது என்றார்கள். இன்னொரு முறை, அழுக்குத் துணி மாதிரி இருக்கிறதே, சட்டம் போட்டுக் கொண்டு வாருங்கள் என்றார்கள். சலவைக்கடைக்காரியைப் பார்த்து அழுக்குத் துணி என்றால் எப்படி இருக்கும்? நான் இரண்டில் ஒன்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன், அவள்தான் தடுத்தாள். கடைசியில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"இந்த வருஷம் ஒண்ணு செய்யப்போறேன். அதுக்கும் சுவர் கிடைக்கலேன்னா போதும், விட்டுடறேன். நீங்க டிரையரை இறக்குங்க. நான் முழுநேரமா மடிக்க உட்கார்ந்துடறேன்."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி" என்றான்.

அந்தச் சரியைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் ரசத்தை இலக்கில்லாமல் ஊற்றினேன். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லக்கூடாதா? அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

அவள் எடுத்துக்கொண்டது மடிப்பு. ஓட்டல் விரிப்புகள் பெரியவை, ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அவற்றை மடிப்பது அண்ணனும் அண்ணியும்தான். பார்த்தால் பெரிய விஷயம் இல்லை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விறைப்பாக இழுத்து ஒரு உதறு உதறுவார்கள். பிறகு எதிரெதிராக நடந்து வருவார்கள். நடுவில் சந்தித்ததும் அண்ணி தன் முனைகளை மேலே தூக்கி அவன் கையில் கொடுப்பாள், குனிந்து கீழே தொங்கும் மடிப்பைப் பிடிப்பாள், பின்னால் போவாள். மறுபடி வருவாள். விரிப்பு தரையைத் தொடக்கூடாது. தொட்டால் மறுபடி துவைக்க வேண்டும். அதற்காக அண்ணன் தன் முனைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருப்பான்; அவன் ஏணி உயரம், அண்ணி முக்காலி உயரம். அதனால் முனையைக் கொடுக்கும்போது அண்ணி குதிகாலைத் தூக்கி எக்கி எக்கித்தான் நிற்பாள். பல வருஷமாக அப்படி எக்கியதில் அவள் கெண்டைக்கால் ஓட்டக்காரி போல இறுகியிருந்தது.

கிழிந்ததென்று தள்ளிய ஓட்டல் விரிப்புகளை ஒன்றாகத் தைத்து ஒரு நீளத் துணி செய்தாள். அதைக் கூடத்துத் தரையில் விரித்தாள். கம்பளியில் இரண்டு ஜோடி செருப்பு தைத்துச் சாயத்தில் ஊறப்போட்டாள். அவளுக்குச் செங்கல் நிறம், அண்ணனுக்கு நீலம். நீலத்துக்கும் அவனுக்கும் ராசி என்றார் என் வீட்டுக்காரர். அன்றன்றைய விரிப்புகளை அந்தத் துணிமேல் நின்று மடிக்க வேண்டும், அவ்வளவுதான். எப்படியும் மடிக்கத்தானே போகிறோம் என்று அண்ணனும் செருப்பை மாட்டிக்கொண்டான்.

மாதக்கணக்கில் மடித்தார்கள். மேல் மேலாகத் தடம் விழுந்தது. கடைசியில் அந்தத் துணியைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்குப் பேச்சு வராதது அபூர்வம் என்பதை எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு தடமும் தடமாகத் தெரியவில்லை. செம்மண்ணும் நீலமும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போவதும் விலகுவதுமாகத் துணி முழுக்க ஓர் அலைச்சல். அதில் எத்தனை நாள், எத்தனை சண்டை, எத்தனை சமாதானம் கிடந்தனவோ. அண்ணி அதைப் படம் எடுத்து அனுப்பினாள். ஓவியக் கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த நிர்வாகி அம்மா, நேரில் பார்க்க வேண்டும், மறுநாள் காலை துணியையே கொண்டுவாருங்கள் என்று போனில் சொன்னார். அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விபத்து அன்றைக்குத்தான் நடந்தது.

எங்கள் கடையில் மூட்டைக்கு ஒரு மொழி உண்டு. ஓட்டல் மூட்டையைக் கட்டை முடிச்சாகக் கட்டுவோம். அதைப் பிரித்து, துணி பார்த்து, கறை பார்த்துத்தான் மெஷினில் போடுவோம். ஆஸ்பத்திரி மூட்டையைக் கையால் பிரிக்கவே கூடாது, நோய் ஒட்டும். அதனால் அதற்குச் சுருக்கு முடிச்சு. மூட்டையாகவே கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டால் மெஷின் சுழலும்போது முடிச்சு தானே அவிழ்ந்துகொள்ளும். சுருக்கு முடிச்சைப் பார்த்தால் பிரிக்காதே, யோசிக்காதே, போடு. அண்ணன் வகுத்த விதி அது.

காலையில் வேனில் ஏற்றத் தோதாக இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் அண்ணியின் துணியைப் பதமாகச் சுருட்டினார். தூசி படக்கூடாதென்று ஒரு வெள்ளை விரிப்பில் மூட்டை கட்டினார். வேன் நிற்கும் வாசல் ஓரத்தில் வைத்தார். அந்த வாசலும் மெஷின் அறை வாசலும் ஒன்றுதான். இதுவரை எல்லாம் சரி. முடிச்சில்தான் வினை. அங்கே போய் அண்ணி பிரிக்கும்போது சிரமப்படக் கூடாதே என்று நல்லெண்ணத்தில் சுருக்கு முடிச்சாகப் போட்டிருந்தார்.

அண்ணன் வந்தான். சுருக்கு முடிச்சைப் பார்த்தான். தூக்கிப் போட்டான்.

மெஷின் மணியடித்தது. கதவைத் திறந்து முதல் துணியை இழுத்தவன் அப்படியே நின்றான். நான் தேய்க்கிற மேஜையிலிருந்து பார்க்கிறேன், அவன் நிற்கிறான். துணி நீளமாக வந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர் மண் நிறத்தில் ஓடுகிறது. தடத்தையும் காணோம், நிறத்தையும் காணோம். வெள்ளைத் துணியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மங்கல். வெளுக்காத துணிக்காகக் கவலைப்பட்ட அண்ணனைப் பார்த்திருக்கிறேன். ஒரு துணி வெளுத்துவிட்டதே என்று அழுத சலவைக்காரனை அன்றுதான் பார்த்தேன்.

நான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. "அக்கா பிரிக்கறப்ப சுலபமா இருக்கட்டும்னுதான்…" என்று, அண்ணியை அக்கா என்றே கூப்பிடுகிற அவர், அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனுஷன், அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? ஆனாலும் திட்டினேன்.

சத்தம் கேட்டு அண்ணி வந்தாள். துணியைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. "காயப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள். இருவரும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, கூடத்துக் கயிற்றில் அதைக் காயப் போட்டார்கள். அப்போது அண்ணன் வாயைத் திறந்தான்.

"டிரையர் வேணாம். கூடம் உனக்கே இருக்கட்டும்."

"பாவம் பாத்துக் குடுக்கற இடம் எனக்கு வேணாங்க. சொன்னது சொன்னதுதான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் வந்தது. வருஷக்கணக்கில் வாயே திறக்காதவன் திறந்த நேரத்தைப் பார், அதற்கு இவள் சொன்ன பதிலைப் பார்.

மறுநாள் காலை நான் கடை திறக்க வந்தபோது அண்ணி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். காய்ந்த துணியைக் கீழே விரித்திருந்தாள். சன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"இங்க வந்து பாரேன்" என்றாள்.

துணி பெரும்பாலும் வெள்ளை. ஓரங்களில் மிச்சமிருந்தது வெறும் புகை போல ஒரு நிறம். ஆனால் சரியாக நடுவில், அவர்கள் இருவரும் சந்திக்கிற இடத்தில், ஒரு முழத்துக்குச் சாயம் அப்படியே நின்றிருந்தது. இந்தப் பக்கம் செங்கல் நிறத்தில் விரல்கள் ஊன்றிய இரண்டு பிறை. அந்தப் பக்கம் நீலத்தில் இரண்டு பிறை. குதிகால் எங்கேயும் இல்லை. மேலோட்டமாக நடந்த இடமெல்லாம் வெளுத்துப் போய்விட்டது. உடம்பின் பாரம் முழுவதும் இறங்கி, திரும்பத் திரும்ப அதே இடத்தில் அழுத்தி, நூலுக்குள் இறங்கிய சாயம் மட்டும் போகவில்லை. இது எனக்கும் புரிந்தது. அழுத்தித் தேய்த்தால் கறை உள்ளே போகும், எங்கள் தொழிலில் இது பாலபாடம்.

"சிவப்பு நீங்க" என்றேன். "எக்கி நிப்பீங்களே, அது."

"அது சரி. நீலம் ஏன் விரல்ல நிக்குது?"

நான் முழித்தேன். எக்குகிறவளுக்குப் பாரம் விரலில் இறங்கும். ஏணி மாதிரி நிற்கிறவன் முழுப் பாதத்தில் அல்லவா நிற்க வேண்டும்? அவனுக்கு என்ன வந்தது விரலில் நிற்க?

அண்ணி எழுந்தாள். அண்ணன் மெஷின் அறையில் முகத்தைக் காட்டாமல் எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். "வாங்க, மடிக்கலாம்" என்று கூப்பிட்டாள். குற்றவாளி போல வந்தான். ஒரு ஓட்டல் விரிப்பை எடுத்துக் கொடுத்தாள். இழுத்தார்கள், உதறினார்கள், எதிரெதிராக நடந்தார்கள். அவள் விரிப்பைப் பார்க்கவில்லை, அவன் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் வந்ததும், "அப்படியே நில்லுங்க" என்றாள்.

அண்ணன் நின்றான். அப்போதுதான் நானும் பார்த்தேன். அவன் இரண்டு முட்டியும் மடங்கியிருந்தன. குதிகால் தரையைவிட்டு எழும்பி, உடம்பு முன்னால் சாய்ந்து, பாதி உட்கார்ந்த மாதிரி விரல்களில் நின்றுகொண்டிருந்தான். இத்தனை வருஷமாக நான் பக்கத்து மேஜையில் தேய்த்துக்கொண்டிருந்தவள். விரிப்பு மறைத்ததா, என் கண்தான் அவிந்துபோனதா தெரியவில்லை, ஒருநாளும் இதைப் பார்த்ததில்லை.

"முட்டியை நேராக்குங்க" என்றாள் அண்ணி.

"எதுக்கு?"

"நேராக்குங்களேன்."

நேராக்கினான். அவன் கைகள் மேலே போய்விட்டன. அண்ணி எக்கினாள். எவ்வளவு எக்கியும் விரல் நுனி அவன் மணிக்கட்டைக்கூடத் தொடவில்லை. அவள் கையிலிருந்த முனை பாதி வழியில் தொங்கியது.

"எத்தனை நாளா இப்படி மடங்கி நிக்கறீங்க?"

"மொத நாள்லேர்ந்துதான்."

"ஏன் சொல்லல?"

அண்ணன் விளங்காமல் பார்த்தான். "இதுல சொல்ல என்ன இருக்கு? உனக்கு எட்டாதே."

அண்ணி விரிப்பைக் கீழே விட்டுவிட்டாள். அது தரையைத் தொட்டது, மறுபடி துவைக்க வேண்டியதாகிவிட்டது, ஒருவரும் கவலைப்படவில்லை. நான்தான் எக்குகிறேன், இந்தப் பாறை இறங்கி வராது என்றே அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் அதில் கருத்து வேறுபாடே இருந்ததில்லை. "அண்ணா, உன் சாயம் வெளுத்துப் போச்சு" என்றேன். அண்ணன் காது சிவந்து, "மெஷின்ல தண்ணி ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனான். மெஷினில் எந்தத் தண்ணீரும் ஓடவில்லை.

அண்ணி அந்தத் துணியையே வேனில் ஏற்றச் சொன்னாள். என் வீட்டுக்காரர் இந்தமுறை கட்டை முடிச்சாகப் போட்டு, அதன்மேல் உட்காராத குறையாகக் காவல் காத்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரு யோசனையும் சொன்னார். "கழுவினதைச் சொல்ல வேணாம்க்கா. இப்படித்தான் செஞ்சேன்னு சொல்லிடுங்க."

"கழுவினதும் படத்துல சேத்திதான். அதைச் சொல்லாட்டி பாதிப் படம்தான் காட்டின மாதிரி" என்றாள் அண்ணி.

ஓவியக் கூடத்தில் துணியைத் தரையில் விரித்தோம். நிர்வாகி அம்மா கையில் அண்ணி முன்பு எடுத்து அனுப்பிய படம் இருந்தது. அதையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணி ஒன்றுவிடாமல் சொன்னாள், சுருக்கு முடிச்சு உட்பட. என் வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியோரமாக மண்டியிட்டு உட்கார்ந்தார். நெடுநேரம் நடுவிலிருந்த அந்தப் பிறைகளையே பார்த்தார். இன்னொரு முறை யாராவது அழுக்குத் துணி என்று சொல்லட்டும் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"இதுக்குப் பேர் என்ன?" என்றார்.

"எட்டு" என்றாள் அண்ணி.

அந்த அம்மா விரலை நீட்டி எண்ணினார். "நாலுதானே இருக்கு?"

"எண்ணிக்கை இல்லீங்க. எட்டறது."

நிர்வாகி அம்மா மறுபடி துணியைப் பார்த்தார். சிவப்பு எக்கியதும் நீலம் மடங்கியதும் அவருக்கும் பிடிபட்டது, முகத்தில் தெரிந்தது. எழுந்து நின்று, "முந்தின படத்தைப் பார்த்து உங்களை வரச் சொன்னேன். அது நல்ல படம். இது என்னைப் போகவிட மாட்டேங்குது" என்றார். "நீளச் சுவர் உங்களுக்கு. ஆனா சுவர் பெருசு. இதே மாதிரி இன்னும் செஞ்சு தர முடியுமா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்குப் பேச்சு வராமல் போனது இது இரண்டாவது தடவை.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மருந்துக்கடைக்காரர் ஏணியேறி மருந்தெடுக்கும் கால், பஸ் நடத்துனர் கூட்டத்தில் சமாளித்து நிற்கும் கால், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் அம்மாக்களின் கால் என்று எல்லோருக்கும் கம்பளிச் செருப்பைப் போட்டுவிட்டு, காலடியில் துணி விரித்தாள். துணியைக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுப்பாள். அவன் வெளுத்துத் தருவான், அவள் வாங்கிக்கொள்வாள். அலைந்ததெல்லாம் போய், ஊன்றியது மட்டும் மிஞ்சும். காத்திருந்த அம்மாக்களின் துணியில் ஒரே ஓர் இடம்தான் மிஞ்சியது. அதைப் பார்த்து அதிலொரு அம்மா, "ஆமா, இவ்வளவு நேரம் நின்னிருக்கேன்" என்று தன் காலையே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வெளுத்து வாங்குவது என்றால் என்ன என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். யாராவது அந்தச் சொல்லை லேசாகப் பயன்படுத்தினால் எனக்குப் பிடிப்பதில்லை. பெரிய டிரையரும் வந்தது, பக்கத்துக் கடையில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்து அதில் வைத்தோம். கூடம் கூடமாகவே இருக்கிறது.

கண்காட்சி தொடங்கிய நாளில் அண்ணன் வரமாட்டான் என்றுதான் நினைத்தோம். சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றான், அதுவும் என்னைவிட மோசமாகத் தேய்த்து. மற்றத் துணிகளையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டு வந்தவன் "எட்டு" முன்னால் நின்றுவிட்டான். அண்ணியும் நானும் சற்றுப் பின்னால் நின்றோம். அப்போது நன்றாக உடுத்திய ஒருவர் அவன் பக்கத்தில் வந்து, அவன் யார் என்று தெரியாமல், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் வெள்ளையா இருக்கு. நடுவுல மட்டும் என்னங்க இது, கறை மாதிரி?"

அண்ணன் அந்த நீலத்தையும் சிவப்பையும் தொழில்காரன் பார்க்கிற பார்வையாகப் பார்த்தான்.

"அது போகாதுங்க" என்றான். "கொதிக்கற தண்ணியிலயே போட்டுப் பாத்துட்டேன். போகாது."

சொல்லிவிட்டு, பழக்க தோஷம், துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தான்.